சிவப்பு நாடா கட்டிய பைன்கள்

ஹில்க்காவின் கணவன் தைஸ்தோ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது. கல்லாவது வெயிலில் சுடும், இவளுக்கு அதுவும் இல்லை. வேளை தவறாமல் மாடு கறந்தாள், தின்றாள், படுத்தாள்.

செய்ய வேண்டியது என்று மனதில் நின்றது ஒன்றுதான். தைஸ்தோ இருபத்தெட்டு வருடம் முன்பு நட்ட பைன் தோப்பு நெருக்கியடித்து நின்றது, இடையிடையே மரம் வெட்டிக் கலைத்துவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் மரம் மரமாகப் பார்த்துச் சிவப்பு நாடா கட்டி வைத்துவிட்டுத்தான் அவன் போனான். அவன் கைபட்ட கடைசி வேலை. ஒரு மரம் பிசகாமல் அவன் நினைத்தபடியே முடித்துவிட வேண்டும்.

மார்ச்சில், பனி இளகுமுன், அண்ணன் ஆர்வோ மோட்டார் ரம்பத்தோடு வந்து இறங்கினான்.

"நாடா கட்டினதையெல்லாம் சாய்ச்சிடட்டுமா?"

"வேற எதுக்குக் கட்டுவாங்க? நம்ம அப்பா கட்டினது மறந்துபோச்சா?"

பிறந்த வீட்டில் அப்படித்தான். நாடா கட்டினால் அந்த மரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. புகுந்த வீட்டில் காடு தைஸ்தோவின் பாடு, மாட்டுக்கொட்டில் அவள் பாடு. காட்டு வேலையைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

ஆர்வோ சாய்த்தான், அவள் கோடாரியால் கிளை கழித்தாள். இரண்டாம் நாள் மதியம் தீ மூட்டி, காப்பியும் கம்பு ரொட்டியுமாக உட்கார்ந்தார்கள்.

"உன் புருஷனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு, புள்ள? நூல் புடிச்ச மாதிரி இருக்கிறதையெல்லாம் வெட்டச் சொல்லிட்டு, நோஞ்சானுங்கள நிக்க வச்சிருக்காரு!"

"அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடப் போகுதாக்கும். வெட்டுண்ணே."

அவளுக்கும் உறுத்தாமல் இல்லை. மரத்துப்போன காலில் முள் தைத்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு தெரிந்தது.

சாயங்காலம் தோப்பின் கடைசிக்கு வந்தார்கள். அங்கே பாறையோரம் ஒரு கூன் பைன். கன்றாக இருந்தபோதே பனிச்சுமையில் வளைந்தது. வெட்டினால் விறகுக்குத்தான் ஆகும். ஆனாலும் அவளுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். "உன் கூனனை என் உயிர் இருக்கிற வரைக்கும் தொடமாட்டேன், போதுமா?" என்று தைஸ்தோ வருடா வருடம் கேலியாகச் சத்தியம் செய்வான்.

அதன் இடுப்பில் சிவப்பு நாடா இருந்தது, இரண்டு சுற்று.

ஆர்வோ ரம்பத்தை வைக்கப் போனான்.

"அண்ணே, நிறுத்து!"

ரம்பம் அடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். நேரானவை எல்லாம் பனியில் கிடந்தன. நெளிந்ததும் நோஞ்சானும் நின்றன.

"வெட்டறதுக்குக் கட்டலண்ணே. விட்டு வைக்கறதுக்குக் கட்டியிருக்காரு."

ஆர்வோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்தான். "ஐயோ புள்ள... இன்னும் முப்பது வருஷம் வளர வேண்டிய மரத்தையெல்லாம் நானே சாய்ச்சுட்டேனே."

"சாய்க்கச் சொன்னவ நானு."

நாடாவின் முடிச்சில் கை வைத்தாள். அவன் போட்ட முடிச்சு. இப்போதாவது அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. கையை எடுக்கத்தான் முடியவில்லை.

கீழே கொட்டிலில் மாடுகள் கத்த ஆரம்பித்தன.

"கறக்கற நேரமாச்சு, புள்ள. வா."

"கத்தட்டும்ணே," என்றாள் ஹில்க்கா.