செருப்பு நுழைந்த கால்

திருப்புட்குழியில் அந்தத் தெருவில் யானைக்கால் நோய் கண்ட பெண்கள் இருவர்தான்: தேவகியும் அடுத்த வீட்டு ஜெயம்மாளும். வயல் வேலைக்கு யாரும் கூப்பிடாததால், இருவரும் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவருக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துவந்தார்கள். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் சேர்ந்தே உட்காருவார்கள். துணைக்கு ஒருத்தி இருக்கிறாள் என்பது தேவகிக்குத் தெம்பு.

மழைக்காலத்தில் தேவகிக்கு வழக்கம்போல் காய்ச்சல் வந்து கால் சிவந்து வீங்கியது. ஜெயம்மாளுக்கு வரவில்லை. அவள் கொண்டுவந்த கஞ்சி தேவகிக்கு இறங்கவில்லை. தை பிறந்ததும் ஜெயம்மாள், அதுவரை எந்தச் செருப்பும் நுழையாத காலில் செருப்பு போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். அன்று தேவகியின் கையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து போய்க் கேட்டுவிட்டாள்.

“எந்த டாக்டருகிட்டக்கா போய்க்கினு இருக்கற? என்கிட்ட மறைக்கற இல்ல?”

“டாக்டர் ஏதுடி? கால கழுவறேன், அவ்ளோதான். நர்ஸம்மா உனக்கும்தான சொன்னாங்க? தெனம் சோப்பு போட்டுக் கழுவி, வெரல் இடுக்கெல்லாம் ஈரம் இல்லாம தொடைக்கணும், படுக்கும்போது கால ஒசத்தி வெக்கணும்னு.”

தேவகிக்கு நினைவு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவருக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் சோப்பும் துண்டும் கொடுத்தார்கள். “கொசு கடிச்சு வந்தது சோப்புல போயிடுமா?” என்று வழியெல்லாம் இருவரும் சிரித்தார்கள். தேவகியின் தொட்டி மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போனது. இவளோ கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கழுவ ஆரம்பித்திருக்கிறாள்.

“சிரிச்சியேக்கா அன்னிக்கு.”

“சிரிச்சேன். அப்புறம் செஞ்சுதான் பாப்பமேன்னு தோணுச்சு. முழுசா போவாதாம். காய்ச்சல் நின்னாலே போதும்னு இருந்தேன்.”

தேவகி வீட்டுக்கு வந்து, தொட்டியை மாட்டிடமிருந்து இழுத்துத் தேய்த்துக் கழுவினாள். அன்றிலிருந்து ஒரு நாளும் விடவில்லை. கழுவி முடித்ததும் வேலியோரம் நின்று ஜெயம்மாளின் காலைப் பார்ப்பாள். பிறகு தன் காலைப் பார்ப்பாள்.

அடுத்த மழைக்குக் காய்ச்சல் வரவில்லை. கணுக்கால் மடிப்பு லேசாகத் தெரிய ஆரம்பித்தது.

“உன்னுதும் கொறஞ்சுக்கினு வருதே,” என்று ஜெயம்மாள் சந்தோஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உன்னுது அளவுக்கு இல்ல.”

“இங்க ஈரம் நிக்குது பாரு.” ஜெயம்மாள் தன் முந்தானையால் அவள் விரலிடுக்கைத் துடைக்கப் போனாள்.

தேவகி காலை இழுத்துக்கொண்டாள். “நானே தொடைச்சுக்கறேன்க்கா.”