எட்டு மேசைக்காரன்

“எட்டுப் பொஞ்சாதி கட்டினவனும் உன்னை விட நிம்மதியா இரிப்பான்டா.”

“என்ட எட்டும் வாய் திறக்காத பொஞ்சாதி, அண்ணன். அதுதான் குடும்பம் நல்லா ஓடுது.”

“அதுகள் வாய் திறக்கல்லியோ, நீ வாயைக் கட்டி வச்சிரிக்கியோ? மேசைக்கு மேசை கதைக்கிறதுக்கு ஒரு பெட்டி இரிக்கு. நீ எல்லாத்தையும் மூடி வச்சிட்டுத்தானே குந்துவாய்?”

“கதைக்க வெளிக்கிட்டா விளையாட ஏலாது. இன்டைக்கு ஏன் எல்லாம் திறந்து கிடக்கு?”

“கொம்பியூட்டருக்கு வைரஸ். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மறுகா புதுசாப் போட்டிரிக்கன். உன்ட பெட்டியெல்லாத்தையும் நீயே மூடிக்கொள்ளு.”

பீற்றர் அண்ணன் சிரித்தபடி முன்பக்கம் போனார். மட்டக்களப்பு நகரத்தில், வாவிக் கரையோடு ஒட்டிய அவருடைய இன்டர்நெற் கடையில், யன்னலோரக் கதிரை சிவதர்ஷனுக்கென்றே ஆகிப்போய்ப் பல மாதங்கள். நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பகல் முழுதும் அவன் அங்கே இருந்து இணையத்தில் காசுக்குப் போக்கர் சீட்டு விளையாடினான். பொழுதுபோக்குக்கல்ல, பிழைப்புக்கு. அம்மாவின் வீட்டுக்கு ஓடு போட்டதே அந்தச் சீட்டுத்தான்.

அவனுடைய வித்தை பெரிய வித்தை இல்லை. நல்ல சீட்டு எப்போதாவதுதான் வரும். ஒரு மேசையில் இருப்பவனுக்குக் காத்திருந்து அலுத்துவிடும், அலுப்பில் கெட்ட சீட்டோடும் இறங்கித் தோற்பான். எட்டு மேசையைத் திரையில் பரப்பி வைத்திருப்பவனுக்கு அலுக்க நேரமில்லை. ஏதாவதொன்றில் நல்லது வந்துகொண்டே இருக்கும். மற்றதையெல்லாம் யோசிக்காமல் எறிந்துவிடலாம். எதிரே இருப்பது யாரென்று பார்க்கத் தேவையில்லை, நிறத்தைப் பார்த்தால் போதும். ஆட்களின் பெயருக்கு நிறம் பூசி வைக்க அந்த விளையாட்டில் வசதி இருந்தது; நிறங்கள் கடைக் கொம்பியூட்டரில் அல்ல, அவன் கணக்கிலேயே இருந்தன. கவனமாக விளையாடுபவருக்குச் சிவப்பு. சீட்டு மோசமென்றாலும் பிடியை விடாமல் கடைசிவரை கூட வருகிறவருக்கு மஞ்சள். மஞ்சள்காரர்தான் சோறு போடுகிறவர்கள்.

தன் பெயரை மட்டும் அவன் யோசித்து வைத்திருந்தான். பனிச்சங்கேணி, அதோடு பதினேழு. ஊர் வாகரைப் பக்கம். கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு அவர்களுக்குக் கிடைத்த கூடாரத்தின் எண் பதினேழு. பக்கத்துக் கூடாரத்தில் மேனுகா இருந்தாள். நிவாரணம் கொண்டுவந்த யாரோ விட்டுப்போன ஒரு கட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நாலு பேராய் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். எப்போதும் அவனும் அவளும் ஒரு பக்கம். அந்த ஆட்டத்தின் பெரிய சீட்டான யாக் கையில் இருந்தால் மேனுகா காதைத் தொடுவாள். அந்தக் கள்ளத்தனத்தை எல்லோருமே கண்டுபிடித்துவிட்டார்கள், அவள் மட்டும் ஒருவருக்கும் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சண்டை மூண்டு, குண்டு பொழிகிற செல்லடி. அவனுடைய ஆட்கள் கரைவழியால் மாங்கேணிக்கு நடந்தார்கள். அவளுடைய ஆட்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். முகாம் முகாமாய்த் தேடினான். ஒருத்தர் அவளை ஆஸ்பத்திரியில் கண்டதாகச் சொன்னார். இன்னொருத்தர் மாமன்காரன் கப்பலேற்றிவிட்டான் என்றார். எந்த நாடென்று கேட்டதற்கு, “குளிரான நாடு தம்பி” என்றார். அன்றிலிருந்து அவனுக்குக் குளிரான நாடுகள் எல்லாமே அவளுடைய முகவரியாய்ப் போயின. உலகம் பூராவும் பார்க்கிற இடத்தில் அந்தப் பெயரை அவன் மாட்டி வைத்ததும் அதற்காகத்தான். கண்டால் அவள் அறிவாள்.

இப்போது அவன் பெட்டிகளை ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு வந்தான். ஒன்றில் யாரோ யாரையோ ஏசியிருந்தார்கள். இன்னொன்றில் வெறும் சிரிப்புக்குறிகள். எட்டாவது மேசையின் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழ் கிடந்தது. எழுதியவரின் பெயர் மிமோசா. மஞ்சள்.

“வந்திட்டியா.”

“இன்டைக்கும் கதைக்க மாட்டாய் என்டு தெரியும்.”

“கூடாரத்துக்குள்ள நீ என்ட பக்கம். இஞ்ச எதிர்ப்பக்கம். காதைத் தொட்டாலும் உனக்குத் தெரியாது.”

சிவதர்ஷனின் விரல் மவுஸின் மேல் நின்றுவிட்டது. மற்ற மேசைகள் மணியடித்துக் கூப்பிட்டன. இரண்டு மேசைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் சீட்டைத் தாங்களே எறிந்தன.

மிமோசாவை அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாய்த் தெரியும். அவன் எந்த மேசைகளைத் திறந்தாலும் அவற்றிலொன்றில் வந்து குந்தும். மற்றவர்களுக்குச் சீட்டை எறிந்துவிடும். அவன் பந்தயத்தை ஏற்றினால் மட்டும் விடாது, எவ்வளவு ஏற்றினாலும் கூடவே வரும், கையில் ஒன்றுமில்லாமல் கடைசிச் சீட்டுவரை வந்து தோற்றுவிட்டுப் போகும். மறுநாள் திரும்பவும் வரும். இப்படியும் ஒரு மடையன் இருப்பானோ என்று அவன் பீற்றர் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். நல்ல சீட்டோடு காத்திருந்து காத்திருந்து அடித்திருக்கிறான்.

எழுதி எழுதிப் பதில் கிடைக்காதவள், அவன் பந்தயம் ஏற்றும்போதெல்லாம் கூடவே வந்திருக்கிறாள்.

பெட்டியில் இன்னும் ஒரு வரி இருந்தது.

“இதுதான் கடைசிக் காசு. இது முடிஞ்சா இனி வர ஏலாது. இது வேற ஆரும் என்டால் மன்னிச்சுக்கொள்ளுங்க. நீதான் என்டால், சந்தோசமா இரி.”

சீட்டு விழுந்தது. அவன் கையில் இரண்டு ராசா. அவள் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டாள். மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவன் முறை.

இரண்டு ராசாவை அவன் வாழ்க்கையில் எறிந்ததில்லை. கை பழக்கத்தில் தானாகவே போயிற்று, பந்தயத்தை ஏற்கிற பொத்தான்மேல் நின்றது. அழுத்தினால் அவள் அநேகமாய்த் தோற்பாள், அந்தக் கதிரை வெறுமையாகும், குளிரான நாடுகள் எல்லாம் பழையபடி குளிரான நாடுகளாகிவிடும். அவன் ராசாக்களை எறிந்தான். நடுவில் கிடந்த கொஞ்சக் காசு அவள் பக்கம் நகர்ந்தது.

“என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரி?” என்று முன்பக்கத்திலிருந்து பீற்றர் அண்ணன் கேட்டார். “தோத்திட்டியா?”

“ஒள்ளம் பொறுங்க அண்ணன்.”

அவன் மற்ற மேசைகளை மூடினான். திரையில் முதன்முறையாய் ஒரேயொரு மேசை, பச்சை வட்டமாய், பெரிதாய் விரிந்தது. யன்னலுக்கு அப்பால் ஒரு தோணிக்காரன் வெயிலில் வலை எறிந்துகொண்டிருந்தான். அவளுக்குச் சொல்ல வைத்திருந்த கதைகள் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது. எழுதினான், அழித்தான். அதற்குள் அடுத்த சீட்டு விழுந்தது. அவள் எறிந்தாள். மறுபடி விழுந்தது, மறுபடி எறிந்தாள். பெட்டியில் புதிதாய் ஒன்றும் வரவில்லை. அவன் எழுதியதை அனுப்பினான்:

“மேனுகா, நான்தான். இவ்வளவு நாளும் இந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்ல. எங்க இரிக்காய் என்டு ஒரு சொல்லு எழுதுகா.”