இரண்டு மணி அறிவிப்பு

"செத்தவன் மையத்தை எடுக்கிற நேரம் பாத்து, அவன் குரலே மில்லுலருந்து பேசணுமாலே? ஊரு சிரிக்கும்," பீர் மைதீன் மாமா வாசலில் நின்று எகிறினார்.

"ஸ்பீக்கரை நிப்பாட்ட ஏலாதாம் மாமா. தீப்பிடிச்சா அதுலதான் சைரன் அடிக்கணுமாம்," மில்லில் விசாரித்துவிட்டு வந்த ரியாஸும் விடவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அழுகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

செத்துப்போன ஹபீப் ரகுமான் எதிர்த்த மில்லில் கம்ப்யூட்டர் ஆள். ஷிப்ட் மாறும்போது ஒலிபெருக்கியில் வருவது அவன் பதிவு செய்து வைத்த குரல். விடியற்காலை நாலுக்கு மாரடைப்பு. ஆறுக்கு, "முதல் ஷிப்ட் ஆளுக உள்ள வாங்க" என்றான். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அதில் ஒருத்தி எந்த வீட்டிலும் மயங்கக்கூடியவள்தான்.

உள்ளறையில் தங்கை நஸீபா அண்ணனின் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். மில் கம்ப்யூட்டருக்குள் போக மேனேஜர் போனில் அனுமதி தந்துவிட்டார். எது எப்போது பேசவேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைல்கள் முந்நூறு; அண்ணனின் பீரோ மாதிரியே கிடந்தன. வேண்டியதைத் தேடிப் பிடிக்க நாலு வரியில் ஸ்கிரிப்ட் எழுதினாள். ஃபைலின் பெயர் 'ஷிப்ட்' என்று தொடங்கட்டும், பின்னால் எது வந்தாலும் சரி என்று ஒரு நட்சத்திரக் குறி. ஆறு மணியும் பத்து மணியும் சிக்கின; அழித்தாள். இரண்டு மணி சிக்கவில்லை. மணி ஒன்றரை.

"மதினி, ரெண்டு மணிக்கு என்ன பேரு வச்சிருப்பான்?"

சுவரோரம் இருந்த அண்ணன் மனைவி ஆயிஷா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை என்று வெளியே பேச்சு.

நஸீபா பெயருக்குப் பதில் வெறும் நட்சத்திரம் போட்டு, உள்ளே இரண்டு மணி என்றிருக்கும் ஃபைலைத் தேடச் சொன்னாள். ஒன்றுதான் வந்தது. பெயர்: ஆயிஷா.

"அந்த ரெண்டு மணிச் சத்தம் கேட்டாத்தான் சோறு எடுத்து வைப்பேன்," என்றாள் மதினி. "அஞ்சு நிமிசத்துல வந்துருவாவ."

"கெடச்சுச்சாட்டி?" வெளியிலிருந்து மாமா.

"இல்ல மாமா." நஸீபா லேப்டாப்பை மூடினாள்.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது மில் பேசியது. "முதல் ஷிப்ட் ஆளுக கெளம்பலாம். பாத்துப் போங்க." தூக்கியவர்களின் கால் ஒரு நொடி நின்று, பிறகு நடந்தது. அன்று அடுப்பே பற்றவைக்காத வீட்டில், ஆயிஷா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அப்புறம் நஸீபாவைக் கிருஷ்ணன்கோவிலில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் படிப்பைப் பற்றி மாமா இன்னும் இளக்காரமாகத்தான் பேசுகிறார். புதிதாக வந்த கம்ப்யூட்டர் ஆளுக்கும் அந்த ஃபைல் அகப்படவில்லை; இரண்டு மணிக்கு இன்னும் ஹபீபின் குரல்தான். புருஷன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து ஆயிஷா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, தாய் வீட்டுக்கே போய்விட்டாள். வாரத்தில் ஒருநாள் மில் ஸ்டாப்பில் இறங்குகிறாள், கையில் தூக்குச்சட்டியோடு. இரண்டேகால் பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள்.