கட்டின் மேல் கட்டிய நூல்

2017 ஏப்ரல் 13, தாய்லாந்தின் ரோய் எட் மாகாணத்துக் கிராமம் ஒன்றில், சொங்க்ரான் புத்தாண்டுக் காலையில் புன்தியன் இடது கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

எருமைக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. சர்க்கரை நோய் வேறு. "நனைஞ்சா உடனே அவிழ்த்துடுங்க மாமா. இல்லேன்னா தோல் ஊறப்போட்ட அரிசி மாதிரி ஆயிடும், தொட்டாலே நசுங்கும்" என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தாள்.

மகள் ரச்சனிக்கு அது தெரியாது. அம்மாவின் தகனத்துக்கு பாங்காக்கிலிருந்து அவள் வரவில்லை. அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதில்லை. புத்தாண்டில் பெரியவர்கள் கையில் மல்லிகைத் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்கலாம். கிண்ணத்தோடு மண்டியிட்டாள். அவர் வலது கையை மட்டும் நீட்டியிருக்கலாம். இரண்டையும் நீட்டினார்.

"அண்ணே, கட்டு நனையுது!" என்றாள் பக்கத்து வீட்டு தோங்பாய்.

"நனையட்டும். ஊத்துறதுக்கு இப்பத்தான் ஆள் வந்திருக்கு."

ரச்சனி ஆசிக்காகக் கட்டும் வெள்ளை நூலைக் கட்டின் மேலேயே மணிக்கட்டில் சுற்றி முடிந்தாள். "உசிரு எங்கயும் அலையாம உங்க ஒடம்புலயே தங்கணும்ப்பா." அந்த நூலை மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் கண்டவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தெருவில் வாளியோடு திரிகிறவர்களுக்குப் பயந்து அவளே பிளாஸ்டிக் பையும் மாட்டி ரப்பர் பேண்டு போட்டாள்.

"சுட்ட கோழி பார்சல் மாதிரி இருக்கு அண்ணே!"

"உன் வாய்க்கும் ஒண்ணு மாட்டச் சொல்றேன்."

அவர் சிரித்தார். ரச்சனி அந்தச் சிரிப்பைப் பார்த்தே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் பைக்குள்ளிருந்து வாடை வந்தது.

"அவிழ்த்துப் பாத்துடலாமாப்பா?"

"நீ கட்டின நூல். கெடு முடியட்டும்."

ரச்சனி வற்புறுத்தவில்லை. மறுத்துப் பேசினால் மறுபடி வாயை மூடிக்கொள்வாரோ என்று பயந்தாள்.

அடுத்த நாள் காய்ச்சலில் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் பையைக் கழற்றி, நூலையும் கட்டையும் சேர்த்து வெட்டினாள். உள்ளங்கை வெளுத்து, சுருங்கி, ஊறிக் கிடந்தது. துணியை எடுக்க எடுக்கத் தோலும் கூடவே வந்தது. வெட்டுக்காயம் அதன் இடத்தில் நிற்கவில்லை. விரலிடுக்குகள் வரை கறுத்துப் பரவியிருந்தது.

"இந்தப் பையை மாட்டினது யாரு? வேர்வையும் உள்ளேயே நின்னு புழுங்கியிருக்கு!"

ரச்சனி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நானே மாட்டிக்கிட்டேன்மா. கெழவனுக்குப் புத்தி அவ்வளவுதான்."

மாகாண மருத்துவமனையில் அன்று பிற்பகல் இடது கையை மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.