உடையப்பன் அனுப்பிய சர்டிபிகேட்

உடையப்பன் தோட்டத்துக் கத்தரிக்காயை வண்டியில் ஏற்ற நாலு ஆள் வேண்டும். ஒரு காய்க்கு நாலு ஆள். செம்பட்டி டீக்கடையில் இதைச் சொன்னவர் உடையப்பனேதான். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. கேட்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள். கத்தரிக்காயோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அவர் மகன் சோலைமலை, சீனாச் சண்டை முடிந்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தான். சேர்ந்த ஆறாம் மாதமே உடையப்பன் டீக்கடையில் அவனை நாயக் ஆக்கினார். பொங்கலுக்குள் ஹவில்தார். மறு வருஷம் சுபேதார். பனிமலையில் தாழப் பறந்த எதிரி விமானத்தை அவன் கிணற்றுக் கமலைக் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கியதையும், உள்ளே இருந்தவனுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பியதையும் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கயிற்றைச் சந்தேகப்பட்டவர்கள்கூட மோர் வந்ததும் நம்பிவிட்டார்கள். அந்த வருஷம் முத்தாலம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் உடையப்பன் தலையில் ஏறியது.

அறுபத்தைந்தாம் வருஷம் பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த ஆவணியில் கடிதம் வந்தது. உடையப்பனுக்கு வாசிக்கத் தெரியாது. மனைவி கண்ணம்மாள் அஞ்சாவது படித்தவள். அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“அப்பா, நான் இன்னும் சிப்பாய்தான். சமையல் கொட்டகையில் உருளைக்கிழங்கு சீவுகிறேன். தலைக்கு மேலே குண்டு போகிறது, கீழே குழம்பு கொதிக்கிறது. இப்போது சிப்பாய்க்கு அடுத்த படி, லான்ஸ் நாயக் பட்டைக்கு ஆள் எடுக்கிறார்கள். கிடைத்தால் கொட்டகைப் பொறுப்பு எனக்கு. எட்டாவது படித்தவன், நடத்தை நல்லது என்று நம் பிரசிடெண்டிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி, சீல் வைத்து அனுப்புங்கள். இதை விட்டால் அடுத்தது எப்போதோ.”

“போயி உள்ளதச் சொல்லி வாங்கிட்டு வாங்க” என்றாள் கண்ணம்மாள்.

சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனார். பிரசிடெண்ட் நல்லுசாமி வீட்டில் ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர் சண்டைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மாமா! சுபேதாரு அப்பாவுக்கு நாற்காலிய விடுங்கப்பா.”

நாற்காலி வந்தது. கலர் சோடா வந்தது. கலர் உள்ளே இறங்கிய வேகத்துக்கு வார்த்தை மேலே ஏறவில்லை.

“தம்பிக்கு மேல்பதவி குடுக்க, ஊர்லருந்து ஒரு சர்டிபிகேட்டு கேக்குறாக” என்றார்.

“அட்ரா சக்கை! சுபேதாருக்கு மேல என்ன மாமா, கேப்டனா?”

உடையப்பன் பாட்டிலுக்குள் உருண்ட கோலியைப் பார்த்தார். “அப்படித்தான் வரும்போல.”

நல்லுசாமி எழுத உட்கார்ந்தார். ஒருவர் கயிற்றை ஞாபகப்படுத்தினார். இன்னொருவர் மோரை விட்டுவிடாதீர்கள் என்றார். எங்கள் ஊர் சுபேதார் சோலைமலையைக் கேப்டனாக்க வேண்டும் என்று நல்லுசாமி முடித்து, சீலை இரண்டு முறை குத்தினார். வடக்கத்தி ஆபீசருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது, சீல் தெரியும், அது போதும் என்று உடையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தபாலில் போட்டார். வீட்டில் “வாங்கி அனுப்பிட்டேன்” என்றார். அது மட்டும் பொய்யில்லை.

புரட்டாசிக் கடைசியில் பதில் வந்தது. கண்ணம்மாள் வாசிக்க ஆரம்பித்தவள், பாதியில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே வாசித்தாள்.

“அப்பா, காகிதம் வந்தது. இங்கே வேலூர்க்காரர் ஒருவர் கிளார்க். ஆபீசருக்கு அதை இந்தியில் வாசித்துக் காட்டினார். அன்றைக்குக் குண்டு விழுந்த நாள். குழிக்குள் பதுங்கியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இப்போது தட்டை நீட்டும்போது சுபேதார் சாப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆபீசர் கோபிக்கவில்லை. ஐப்பசி முடிவதற்குள் சரியான காகிதம் வந்தால் பட்டை தருவேன் என்கிறார். சிரித்தது போகட்டும். நான் சமைக்கிறது உங்களுக்கு அம்புட்டுக் கேவலமா அப்பா?”

கண்ணம்மாள் கடிதத்தை மடித்து அவர் முன்னால் வைத்துவிட்டு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து உடையப்பன் டீக்கடைப் பக்கம் போகவில்லை. சோற்றுத் தட்டு முன்னால் வரும்போதெல்லாம், எங்கோ ஒரு குழிக்குள் தட்டு நீட்டுகிறவர்கள் சிரிப்பது அவருக்குக் கேட்டது.

ஐப்பசி பிறந்ததும் திருவிழா வந்தது. பூசாரி பரிவட்டத்தோடு நெருங்கியபோது உடையப்பன் ஓரடி பின்னே போனார்.

“எனக்கு வேணாம் சாமி. எம்மகன் சுபேதாரு இல்ல. சிப்பாயி. சமையக்கட்டுல கெழங்கு சீவுறான்.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. “பாத்தியாப்பா, புதுக்கதை எடுத்து விடுறாரு!” என்று ஒருவன் கத்தினான். நல்லுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா, அந்தக் கெழங்கு ஒண்ணு வண்டி கொள்ளுமா?” என்றார்.

வாழ்நாளில் முதல்முறையாக உடையப்பன் நம்பச்சொல்லி மன்றாடினார். யாரும் நம்பவில்லை. கடைசியில் வேட்டி மடிப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நல்லுசாமி கையில் வைத்தார். “சத்தமா வாசிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

நல்லுசாமி சத்தமாகத்தான் ஆரம்பித்தார். சிரித்தார்கள் என்ற இடம் வந்தபோது கூட்டத்தில் சிரிப்பு நின்றிருந்தது. கடைசி வரியை அவர் வாய்க்குள்ளேயே வாசித்தார். உடையப்பன், “அதையுந்தான்” என்றார். அதையும் வாசித்தார். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். பரிவட்டம் வேறொரு தலைக்குப் போனது. உடையப்பன் வரிசையின் கடைசியில் நின்று குங்குமம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீசில் அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

“எம் பஞ்சாயத்து சீலயும்ல சிரிப்பாச் சிரிக்க வச்சுட்டீக” என்றார் நல்லுசாமி, தலை நிமிராமல்.

“ஆமா தலைவரே.”

“எட்டாவது பாஸு. நடத்தை நல்லது. வேற?”

“சமையல்காரன்னு எழுதுங்க.”

“எழுதியாச்சு. வேலை எப்படிச் செய்வான்னு ஒரு வரி போட்டா நல்லாருக்கும்.”

“கெழங்கு சீவுனான்னா தலைவரே, அந்தத் தோலு இங்கருந்து…”

உடையப்பனின் இரண்டு கைகளும் தாமாகவே விரியத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்த்தார். மெல்ல இறக்கி, பின்னால் கட்டிக்கொண்டார்.

“நல்லாச் சீவுவான்னு போட்டாப் போதும்.”