எரிந்த எரிபொருளும் எதிராஜனின் கைகளும்

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் எதிராஜன் பம்பாயிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து இறங்கியதும் நேரே கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் குளித்தான். ரயில் அழுக்கு, சரி. வேஷ்டி மாற்றிக்கொண்டு காபி குடித்தான். குடித்துவிட்டு மறுபடியும் போய்க் குளித்தான். மாமியார் செங்கமலத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பம்பாய்க்குப் போயும் ஆசாரம் விடாத மாப்பிள்ளை சித்திரை வீதியில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது என்று பக்கத்து அகத்தில் சொல்லிவிட்டும் வந்தாள்.

அவள் பெண் குமுதவல்லிக்கு மனசு குளிரவில்லை. மூன்று மாதக் குழந்தை தூளியில் கிடந்தது. இதுவரை அப்பா முகம் பார்க்காத பெண் குழந்தை. எதிராஜன் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தான், சிரித்தான், கண் உன்னை மாதிரியே என்றான். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அன்றைக்குத்தான் அப்படி என்று பார்த்தால் மறுநாளும் அதே கதை. குழந்தை அழுதால் கயிற்றை இழுத்துத் தூளியை ஆட்டுவான். தூக்க மாட்டான்.

பையனாக இருந்திருந்தால் மடியை விட்டு இறக்கியிருப்பாரா என்று குமுதவல்லி உள்ளுக்குள் வெந்தாள். லீவு முடிந்ததும் அவளும் குழந்தையும் அவனோடு பம்பாய்க்குப் போவதாக ஏற்பாடு. பெற்ற பெண்ணைத் தொடாத மனுஷரோடு கண்காணாத ஊரில் என்ன குடித்தனம்? போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். சொல்லத்தான் வேளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு உத்தியோகம் பம்பாய்ப் பக்கத்தில், அணுசக்தி சம்பந்தமாக. கல்யாணமான புதிதில் திட்டம் போடும் பகுதியில் இருந்தான். தேசத்தில் எங்கெங்கே அணுமின் நிலையம் வர வேண்டும், எந்த வருஷத்துக்குள் எத்தனை என்று படம் போடுகிற வேலை. நம் பக்கத்திலும் கடலோரமாக ஒன்று வரும், அப்புறம் இந்த வீதியில் கரண்ட் போகிற பேச்சே இருக்காது என்று பீற்றிக்கொள்வான். ஒரு கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இத்தனை நிலையங்களும் எரித்து முடித்த எரிபொருளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டான். கேட்டவனே போய்ப் பார்க்கட்டும் என்று, எரிந்து முடிந்த எரிபொருள் கம்பிகளைப் போட்டு வைக்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவனை மாற்றிவிட்டார்கள்.

குமுதவல்லி பார்த்த வேளை தானாக வந்தது. செங்கமலம் நனைத்த மடிப்புடவையைக் கை படாமல் மடிக்கோலால் தூக்கி உயரக் கொடியில் உலர்த்துவாள். அந்தக் கோல் பக்கம் வேறு யாரும் போகக்கூடாது. அன்று மத்தியானம் திடீரென்று தூற்றல் போட்டது. முற்றத்தில் குழந்தையின் மூத்திரத்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எதிராஜன் ஓடினான். ஓடியவன் மடிக்கோலை எடுத்து, ஒவ்வொரு துணியாகக் கோல் நுனியில் ஏந்தி, கையை எட்ட நீட்டிக் கூடையில் இறக்கினான்.

செங்கமலம் பார்த்துவிட்டாள். மூத்திரத்துணியை மடிக்கோலால் எடுத்த பிரகஸ்பதியை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஆசார மாப்பிள்ளை என்ற பட்டம் அந்த நிமிஷமே பறிபோயிற்று. கோலை அலம்பக் கிணற்றடிக்குப் புலம்பிக்கொண்டே போனாள்.

குமுதவல்லி அவன் துணியை இறக்கிய விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாத குழந்தையின் துணியை யாரும் அவ்வளவு பதமாக வைக்க மாட்டார்கள். இது வெறுப்பில்லை, பயம் என்று அவளுக்குச் சுரீரென்று பட்டது. கூடத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

அவன் மெல்லச் சொன்னான். அந்தக் கம்பிகளைத் தண்ணீருக்குள் வைத்தே, நீளக் கோல்களால் எட்ட நின்றுதான் நகர்த்த வேண்டும். வேலை முடிந்து வெளியே வரும்போது ஒரு யந்திரத்தில் கையை வைக்க வேண்டும். கதிரியக்கத் தூசு ஏதாவது ஒட்டியிருந்தால் மணி அடிக்கும். அவனுக்கு ஒரு தடவைகூட அடித்ததில்லை. ஊருக்குக் கிளம்பின அன்றும் அடிக்கவில்லை.

"அப்புறம் என்ன?" என்றாள்.

"புத்திக்குத் தெரியறது. கைக்குத் தெரியலை. இங்கே அந்த யந்திரம் இல்லையே. பச்சைக் குழந்தை, குமுதா."

அவளுக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது. இந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. பிள்ளை பெற்ற தீட்டுகூடப் பதினோராம் நாள் போய்விடுகிறதே, அந்தத் தொட்டியில் கிடப்பதற்கு எப்போது போகும் என்று கேட்டாள்.

"நம்ம காலத்துல போகாது. இவ காலத்துலயும் போகாது. யாராவது பார்த்துண்டே இருக்கணும்."

குமுதவல்லி தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"உங்களுக்கப்புறம் பார்த்துக்கப்போறவ இவதானே? இத்தனை பெரிய காவலை இவ தலையில வச்சுட்டு, இவளைத் தூக்க மாட்டேன்னா என்ன நியாயம்?"

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் முன்னே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டன. குழந்தை வீல் என்று கத்தியது. அவன் உடனே திருப்பிக் கொடுக்கப் பார்த்தான்.

"அது மணியில்லை. புது மனுஷாள்னு அழறா. கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, குமுதவல்லி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கப் போனாள்.