மீசை மழித்ததைச் சொன்னவன்

முப்பத்தொரு வருடம் சாட்சிகளின் கையில் பைபிளை எடுத்துக் கொடுத்தவன் நான். அதன்மேல் எத்தனை பொய்கள் சொல்லப்பட்டன என்பது எனக்கும் அதற்கும் மட்டுமே தெரியும். அதே பைபிளின்மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வாரிங்கப் ஊரில் நான் கோர்ட் டவாலி. மாஜிஸ்திரேட் ரோசலிண்ட் ட்ரெகியர் அம்மாள். எங்கள் பக்கம் ஜனவரிதான் கடுங்கோடை; கோதுமை வயல் தீப்பிடிக்கும் அந்த வெயிலிலும் அவர் எதிரே நிற்பவனின் மூச்சு புகையாக வரும். ஒருமுறை அவர் புருவத்தை உயர்த்தியதில் தெருக்கோடியில் தானிய ரயில் நின்றுவிட்டது. ரயில்வேக்காரர்கள் சிக்னல் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று டெஸ்மண்ட் பிம் வழக்கு. குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்களைச் சேர்த்துவைத்ததற்காகச் சிறை போய் வந்தவன். அப்படிப்பட்டவர்களுக்குப் போலீஸில் ஒரு பதிவேடு உண்டு. வீடு, வண்டி, போன், முகத்தோற்றம் என எது மாறினாலும் ஏழு நாளுக்குள் போய்ச் சொல்லியாக வேண்டும். பிம், கெரின் ஓட்ஸ் வீட்டுக் கொல்லையில் கேரவனை நிறுத்திக் குடியேறினான். அதைச் சொல்லவில்லை. கெரினுக்கு இரண்டு பெண் குழந்தைகள். முப்பத்தெட்டாம் நாள் போலீஸ் கதவைத் தட்டியபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

"இன்னிக்கு வெளிய வுட்டுருவாங்களா பெரியவரே?" என்றாள் தாழ்வாரத்தில். "புள்ளைங்கள ஸ்கூலுக்கு நடத்தி அனுப்பலாமா வேணாமான்னு தெரிஞ்சாகணும்."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் தண்ணி ஜாடி வைக்கிறவன்."

பிம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மிச்சம் தண்டனைதான். வக்கீல் லாக்ஸ்டன் ஒரு கத்தைக் காகிதத்தோடு எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் அந்தப் பதிவேட்ட வேதமா மதிக்கிறவர். நாப்பத்திமூணு தடவ தானாப் போய்ச் சொல்லியிருக்கார். மீன்பிடி கிளப்புல சேர்ந்தது, ட்ரெய்லர் வாங்குனது, மீசை மழிச்சதக்கூட! இது ஒண்ணுதான் மறதி. ஜெயில் வேண்டாம், தண்டனைய நிறுத்தி வச்சாப் போதும்."

அம்மாள் கத்தையை வாங்கிப் படித்தார். அவர் படித்து முடிக்கட்டும் என்று சுவர்க்கடிகாரம் நின்றது. ஈக்கள் பறக்கப் பயந்து வரிசையாக வெளியே நடந்து போயின.

"மீசை மழிச்சத எப்பச் சொன்னாரு, மிஸ்டர் லாக்ஸ்டன்?"

"அன்னிக்கே அம்மா!"

"அப்ப எங்க குடியிருந்தாரு?"

லாக்ஸ்டன் தன்னிடமிருந்த நகலில் தேதியைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார்.

"கேரவன்ல."

"திரும்ப வளத்தத?"

"அதுவும்... கேரவன்லேருந்து போய்த்தான்."

"ஆக, மறந்ததா சொல்றவரு ரெண்டு தடவ ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு. மீசையப் பத்தி மட்டும் பேசிட்டு வந்திருக்காரு."

பிம்மின் கை தானாக மீசைக்குப் போனது.

"கிளப்பு, ட்ரெய்லரோட நீங்க நிறுத்தியிருந்தா, மறதின்னு நம்பி அபராதத்தோட முடிச்சிருப்பேன். இந்தப் பதிவேடு எதுக்கு? இவரு எந்தக் குழந்தைங்க பக்கத்துல தூங்குறாருன்னு தெரிஞ்சுக்கத்தான். அத மட்டும் மறைச்சிருக்காரு. ஒத்துக்கிட்டதுக்குக் கால்பங்கு கழிச்சாச்சு. ஒம்பது மாசம். நிறுத்தி வைக்கல."

குரல் ஓர் இழைகூட உயரவில்லை. கூரைத் தகரம் முறுக்கிக்கொண்டது. ஜாடித் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிட்டது. நானே உடைத்து அவருடைய கோப்பையில் போட்டேன். எத்தனையோ பேர் மேசையைத் தட்டி நீதி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மூக்குக்கண்ணாடியும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவனுடைய நல்ல பெயரிலிருந்தே அவன் குற்றத்தை உருவி எடுத்ததை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

கெரின் வெளியே வந்தாள்.

"நாளைக்கு நடந்தே போவாங்க, பெரியவரே," என்றாள். "ஒம்பது மாசத்துக்கு."

குழந்தைகளின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதற்காக அன்று மூடிய விசாரணை. மூன்று அங்குல ஜாரா மரக் கதவுக்கு இந்தப் பக்கம், தாழ்வாரத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை காவல் நின்றது நான்தான்.